சேச்சி கேட்ட ‘பாட்ட’

கல்யாணமாகிப் போடியிலிருந்து கேரளத்துச் சக்குபள்ளத்துக்கு வந்த முதல் வாரம். கொட்டும் மழையில் பக்கத்து வீட்டு லீலா சேச்சி குடையோடு வந்து, “மோளே, ஒரு பாட்ட தருமோ?” என்றார்.

எனக்கு அப்போது மலையாளம் அரைகுறை. அந்தப் ‘பாட்ட’ என் காதில் பாட்டாகத்தான் விழுந்தது. புதுப்பெண்ணைப் பாடச் சொல்வது எங்கள் பக்கத்தில் உண்டு. மாட்டேன் என்றால் திமிர் பிடித்தவள் என்பார்களே! கண்ணை மூடிக்கொண்டு ஒரு முருகன் பாட்டை முழுசாகப் பாடினேன். கண்ணைத் திறந்தால், சேச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்.

உள்ளேயிருந்து வந்த மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “அடியே, மலையாளத்துல ‘பாட்ட’ன்னா தகர டின்னுடி! பலகாரம் நமுத்துப் போகாம போட்டு வைக்க, நம்ம காலி பிஸ்கட் டின்னக் கேக்குறாங்க!”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. சேச்சி மட்டும் சிரிக்கவில்லை. “நல்ல பாட்டு” என்று சொல்லி டின்னை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அவர் வீட்டில் அச்சப்பத்துக்கு ஒன்று, ஊசிநூலுக்கு ஒன்று என்று பிஸ்கட் டின்னுக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் மழை பிடித்தால் வந்து, “மோளே, ஒரு பாட்ட” என்று நிற்பார். எனக்கும் இப்போது மலையாளம் நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் டின்னைத் தேடுவதில்லை, தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.