மேஸ்திரி பக்கத்தில் நின்ற ஆறு நாய்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் வளைந்த பிறகு இங்கே வந்தவர். வேலை மாறியும் பெயர் மாறவில்லை. பதினோரு வருடமாகக் கூண்டு கழுவுகிறார், தீனி வைக்கிறார், நகம் வெட்டுகிறார். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு.

என் ஆய்வு வயதாவதைப் பற்றியது. பதற்றத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலினைக் கொஞ்சம் ஊசியில் போட்டால், இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் இளம் நாய்க்கு நன்றாக விரிகிறது. கிழ நாய்க்கு அவ்வளவாக விரிவதில்லை. ஆறு இளசு, ஆறு கிழடு. கணினியில் கோடுகள் தனித்தனியாகப் பிரிந்தன. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "ரெண்டு கோடும் நல்லா இருக்குப்பா" என்றாள்.

பிறகுதான் கவனித்தேன். கிழடுகளுக்கு ஊசி போடும்போது மேஸ்திரி பக்கத்தில் நின்று காதைத் தடவுகிறார். போன மாதம் வந்த இளசுகளிடம் நிற்பதில்லை.

"ஏண்ணே இதுங்ககிட்ட மட்டும்?"

"இதுங்க குட்டியா வந்ததுலேருந்து என்கிட்டதான் தம்பி. சின்னதுங்களுக்கு நான் யாரோ எவரோ."

பழகிய கை தடவினால் நாயின் பதற்றம் குறையும், உடம்பு தானாகச் சுரப்பதும் குறையும். அப்படியானால் குழாயை விரியவிடாதது வயதா, அவர் கையா? ஒரு வாரம் அவரை வெளியே நிற்கச் சொன்னேன். முகம் சுண்டிப்போனது.

"கடைசி காலத்துல வாட்ச்மேன் ஆக்கிட்டீங்க."

அந்த வாரம் ஒரு கிழட்டுக்குக் குழாய் விரிந்தது, இரண்டுக்கு முன்பைவிடக் குறைந்தது, மூன்றுக்கு மாற்றமே இல்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேராசிரியர் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் நிக்கட்டும், இல்ல எதுக்குமே வேண்டாம்" என்றார்.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"எதுக்கும் வேண்டாம்னா நான் இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாமே."

"எல்லாத்துக்கும் நில்லுங்கண்ணே. சின்னதுங்களும் பழகட்டும்."

"பழக ஆறு மாசமாவது ஆகும். எனக்கு இருக்கறதே மூணு. அரைகுறையாப் பழகினா உங்க கோடு என்ன ஆகும்?"

"தெரியலண்ணே."

"நல்ல படிப்பு."

சிரித்தபடியே காலை இழுத்துக்கொண்டு கிழடுகளைத் தாண்டிப் போய், ஓர் இளசின் கூண்டுக்கு முன் தரையில் உட்கார்ந்தார். அது பின்மூலைக்குப் பதுங்கிக் குரைத்தது. தங்களிடம் வராமல் போனதற்குக் கிழடுகளும் குரைக்கத் தொடங்கின. நோட்டுப் புத்தகத்தில் எந்த நாயின் பதற்றத்தை முதலில் எழுதுவது என்று தெரியாமல் நின்றேன்.