சுகந்தி விளையாடிய ஒரே ஃபைனல்

சுகந்தி இறந்துவிட்டாள். டெங்கு. திங்கட்கிழமை "ஜுரம்டி, லீவு போட்டுட்டேன்" என்று மெசேஜ் அனுப்பியவள், நேற்று காலை இல்லை.

ப்ளேட்லெட் கேட்டு நான் போட்ட பதிவைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு நன்றி. இனி யாரும் வர வேண்டாம்...

உங்களில் பாதிப் பேருக்கு அவள் யாரென்று தெரியாது. ஆசிய நாடுகளின் பெண்கள் டி20 தொடரில் இந்தியாவுக்காக ஒரே ஒரு மேட்ச் விக்கெட் கீப்பிங் செய்தவள். அது ஃபைனல்.

டெல்லி கரோல் பாக்கில் நாங்கள் ஒரே பில்டிங். அவள் அப்பா மத்திய அரசு கிளார்க். ஆபீஸ் போவதற்கு முன் அவளை பஸ்ஸில் கிரவுண்டுக்குக் கூட்டிப்போய் விடுவார். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று அவருடைய அண்ணன், சுகந்தியின் பெரியப்பா, கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அந்தத் தொடருக்கு அவளை ரிசர்வ் கீப்பராகத்தான் கூட்டிப்போனார்கள். மற்ற மேட்ச்களில் எல்லாம் தண்ணீர் பாட்டிலும் க்ளவுஸும் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஃபைனலுக்கு முந்தைய நாள் பிராக்டிஸில் முதல் கீப்பருக்கு விரல் உடைந்தது.

சாயங்காலம் போன் செய்தாள். "அப்பா, நாளைக்கு நான் ஆடறேன்." ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நானும் அங்கே இருந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனவர் மாடிப்படியில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மேட்ச் நாளில் பிளேயர்களின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் டீம் மேனேஜர் நம்பரைப் போட்டுத் தரச் சொல்லி ஆன்ட்டி, சுகந்தியின் அம்மா, என்னிடம் கேட்டார். "மேட்ச் கே பாத் போல்னா ஜி... பஹலே நஹி" என்றார் மேனேஜரிடம். மேட்ச் முடிந்த பிறகு சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தானேடி அந்த மனுஷன் இத்தனை வருஷம் பஸ்ஸுல அலைஞ்சாரு. அவ ஆடிட்டு வரட்டும்."

மகள் வரும்வரை காத்திருக்கப் பெரியப்பா ஒப்பவில்லை. மதியமே எடுத்துவிட்டார்கள். கொள்ளி அவர்தான் வைத்தார்.

அதே நேரத்தில் அங்கே கடைசி ஓவரில் சுகந்தி ஒரு ஸ்டம்பிங் செய்தாள். இந்தியா ஜெயித்தது. கிரவுண்டு நடுவில் எல்லோரும் ஆடினார்கள், கேமரா அவளைத்தான் அதிகம் காட்டியது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களின் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ இருந்தது.

அடுத்த நாள் டீம் பிளேஸரோடு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பெரியப்பா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி வீடியோவை ஓடவிட்டார்.

"அப்பன் எரியறப்போ நல்லா ஆடியிருக்கே. இங்கயும் ஒரு தடவை ஆடு, எல்லாரும் பாக்கட்டும்."

கூடம் நிறைய உறவுக்காரர்கள். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "அவளுக்கு எப்பவும் மேட்ச்தான் முக்கியம்."

நான் வாயைத் திறந்தேன். சுகந்தி என் மணிக்கட்டைப் பிடித்து எலும்பு வலிக்க அழுத்தினாள். ஃப்ளைட் ஏறுவதற்கு முன்பே மேனேஜர் அவளிடம், மேட்ச் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்றது அம்மாதான் என்பது உட்பட, எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

அப்புறம் தனியாகக் கேட்டேன், ஏன்டி என்று. "வீடு பெரியப்பா பேர்ல இருக்கு. உண்மை தெரிஞ்சா அம்மாவை வெளியில தள்ளிடுவாரு. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்."

அடுத்த கேம்ப்புக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு அம்மாவோடு குடிபோனாள்.

அவளைத் தெய்வம் மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. அவளும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

சில வருஷம் கழித்து அதே தொடர் நடந்துகொண்டிருந்தது. நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மேட்ச் போடேன் என்றார் ஆன்ட்டி, சாதாரணமாகத்தான். சுகந்தி டிவியில் யூடியூபைத் திறந்து அந்தப் பழைய ஃபைனலைப் போட்டாள். முதல் பந்திலிருந்து.

ஓவருக்கு ஓவர் கேட்டாள். "இப்போ வேன்ல ஏத்தியிருப்பீங்க, இல்லம்மா?"... "இப்போ கொள்ளி வெச்சிருப்பாங்களா?"

ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை. ஸ்டம்பிங், அப்புறம் அந்த ஆட்டம், கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் சுகந்தி போய் அம்மாவுக்குச் சூடாகத் தோசை வார்த்துக் கொண்டுவந்தாள்.

வாசல்வரை வந்த ஆன்ட்டி சொன்னார்: "இந்தத் தொடர் வர்றப்போல்லாம் போடறா. போடட்டும்."

நேற்று மதியம் அவளைக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெரியப்பாவும் வந்தார். வயதாகிவிட்டது, ஒருவர் கைத்தாங்கலாகப் பிடித்து வந்தார்.

அவரைப் பார்த்ததும் ஆன்ட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அன்னிக்கு அவளுக்குச் சொல்ல வேண்டாம்னு தடுத்தது நான்தான். என் பொண்ணுக்கு எதுவுமே தெரியாது." சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி.

பெரியப்பா அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும். அன்னிக்கு சாயங்காலமே அந்த மேனேஜரம்மா வீட்டுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிச்சு, நான்தான் எடுத்தேன்" என்றார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "வேன் வந்துடுச்சா பாருங்கப்பா."

சுகந்திக்கும் அவர்தான் கொள்ளி வைத்தார்.

சரிடி சுகந்தி... நீ கிளம்பு.