கோட்டை மசூதியில் ஊதி வாங்கிய தண்ணீர்

பாப்பா, தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போயிருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஒன்று கேட்டீர்கள். "இன்னா நைனா, மசூதி கிட்ட வந்தா மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கற?" வெயில் அதிகம் என்று சொல்லி ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். வாயில் வராதது எழுத்தில் வருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

உங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கோட்டைக்குள் ஆடு மேய்த்தவள். அப்போது வேலி, டிக்கெட் என்று இவ்வளவு கெடுபிடி கிடையாது. உச்சி வெயிலில் ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கினால் அவளும் மசூதிப் பக்கம் ஒதுங்குவாள். அங்கே வேப்ப மரத்தடியில் ஒரு சமாதி இருந்தது. பேர் ஊர் எழுதியிராது. தரையிலிருந்து முழங்கால் உயரம், மேலே வழவழவென்று ஒரு கருங்கல். கல் சில்லென்று இருக்கிறதே என்று அதன்மேல் படுத்துத் தூங்கிவிடுவாளாம். அது சமாதி என்று யாரோ சொன்ன அன்று பயந்துபோய், மறுநாள் ஒரு கை ஆவாரம்பூ பறித்துக்கொண்டுபோய் வைத்தாளாம்.

"உள்ள கெடக்கிறவரு என்னிய ஒண்ணுமே செய்யல. தூங்கிட்டுப் போவுது கழுதைன்னு வுட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் சொன்ன முதல் கதை அதுதான்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டபோது பாப்பா ஒன்றாவது படித்தாள். தம்பிக்குப் பேச்சு சரியாக வரவில்லை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். நெல் ஏலம் விடுகிற கமிட்டிக்கு மூட்டை ஏற்றும் என் குட்டியானை லோடு வண்டியில் மெத்தை போட்டு அழைத்துப் போவேன். கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க. கேட்டதைக் கொடுங்க" என்றார்.

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை போனேன். ஊருக்குள் இருக்கிற மசூதிக்கும் போனேன். அந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் தண்ணீரோடு நின்றால், தொழுகை முடித்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதில் ஊதிவிட்டுப் போவார்கள். யார், என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு நாள் குடித்தாள். மூன்றாம் நாள் வேண்டாம் என்றாள்.

"இது புதுசுங்க. கோட்டைக்குள்ள இருக்கறதுதான் பழசு. பழசுக்குத்தான் சக்தி. அங்க ஊதி எடுத்துனு வாங்க. அங்க கெடக்கிறவருக்கு என்னிய நல்லாத் தெரியும்."

"அங்க யாரும் தொழுவறாப்பல தெரியலியேம்மா" என்றேன்.

"நான் போனதெல்லாம் மத்தியானம். சாயங்காலம் வருவாங்களா இருக்கும்."

எனக்கும் உறுதியாகத் தெரியாது. கோட்டைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் சாயங்காலம் அங்கே போய் நின்றதில்லை. இவள் சொல்வது மாதிரி யாராவது வந்துவிடக் கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மசூதி வாசலில் நின்றேன். வளைவு வளைவாக வாசல்கள், மேலே இரண்டு கோபுரம். சுண்ணாம்புச் சுவர் மழைத் தண்ணீர் வடிந்து கறுத்திருந்தது. உள்ளே வௌவால் வாடை. மேற்குச் சுவரில் அந்தக் குழிந்த மாடம். சாமி எங்கே என்று போன ஞாயிற்றுக்கிழமை தம்பி கேட்டானே, அதுதான். எந்தத் திசை பார்த்துத் தொழுவது என்று காட்டுவதற்காக அதை அப்படி வெறுமையாகவே கட்டுவார்களாம். அன்றைக்கு அதைப் பார்த்தபடியே சொம்போடு நின்றேன். ஒருவரும் உள்ளே போகவில்லை. ஒருவரும் வெளியே வரவில்லை.

காவல்காரர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். "இன்னாண்ணே, சொம்பத் தூக்கினு வந்துட்ட? யாருக்கு அபிஷேகம்?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லா வந்த போ! இங்க தொழுவ நின்னு எந்தக் காலம் ஆச்சோ. இப்ப வௌவாலுதான் ஊதணும்." சொன்னவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வூட்ல ரொம்ப முடியலியா?"

அந்த நேரம் ஒரு குடும்பம் மலையிலிருந்து இறங்கி வந்தது. புருஷன், பெஞ்சாதி. அந்தம்மா புர்கா போட்டிருந்தார். நான் ஓடிப்போய் வழிமறித்தேன்.

"பாய், இதுல கொஞ்சம் ஊதிக் குடுங்க."

அவர் பதறிவிட்டார். "ஐயோ, எனக்கு அந்த அருகதை இல்லண்ணே. ஆரணில பைக் மெக்கானிக்கு நான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கே லேட்டா போறவன்."

"லேட்டா போனா இன்னா, போறீங்க இல்ல?" என்றார் அந்தம்மா. "அவரு சொம்ப நீட்டினு நிக்கறாரு பாருங்க. ஊதிக் குடுங்க."

"உள்ள போயிட்டு வெளிய வாங்க பாய்" என்றேன். "வெளிய வர்றவங்கதான் ஊதணும்."

"தொழுவக் கூடாது. அது கவுருமெண்டு ரூல்ஸ்" என்றார் காவல்காரர். "ஊதறதுக்கு ரூல்ஸ் கிடையாது. சட்டுனு ஊதுங்க, கேட்டு சாத்தணும்." சொல்லிவிட்டு மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மெக்கானிக் பாட்டில் தண்ணீரில் முகம், கை, கால் கழுவினார். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகவில்லை. அதையே வெகுநேரம் தேய்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அந்த வெற்று மாடத்துக்கு எதிரே சும்மா நின்றார். பிறகு வெளியே வந்து, சொம்பை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டுக்குள் ஏதோ சொல்லி ஊதினார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பெஞ்சாதி பேரைக் கேட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் உங்கள் அம்மா இரண்டு மடக்குக் குடித்தாள். அதற்குமேல் இறங்கவில்லை.

"எத்தினி பேரு வந்தாங்க?"

"ஒருத்தரு."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "என் ஒருத்திக்கு ஒருத்தரு போதும். அந்தக் கல்லு இருக்குதா?"

நான் அதைப் பார்க்கவே இல்லை. "பாக்கலியேம்மா" என்றேன்.

"கல்லு எங்கப் போவும். இருக்கும்" என்றாள்.

அவள் அந்த வாரம் தாண்டவில்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, சாமி மாடத்தில் அந்தச் சொம்பு அப்படியே இருப்பதைப் பார்த்தேன். பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. ஊதி வாங்கிய தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. உங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கோட்டைக்குப் போனேன்.

வேப்ப மரம் இல்லை. அடிக்கட்டைதான் இருந்தது. புல்லை விலக்கித் தேடினேன். கல் இருந்தது. காக்கை எச்சம் காய்ந்து, மேலே ஒரு சிப்ஸ் காகிதம் ஒட்டிக்கிடந்தது. நிழல் இல்லாததால் கை வைக்க முடியாத சூடு. சொம்புத் தண்ணீரைத் தலைமாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தோள் துண்டால் அந்தக் கல்லைத் துடைத்தேன்.