கையைப் பிடித்துக் காட்டிய பயிற்றுநர்

சுனாமிக்கு அடுத்த வருடம், முகாம் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்காக வாழைச்சேனையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நிவாரணப் பெட்டிகளோடு பேஸ்போல் மட்டைகளும் வந்திருந்தன. பயிற்றுநருக்கு ஐம்பது வயதிருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஓடிக்கொலோன் வாசனைநீர் தெளித்த கைக்குட்டையால் அடிக்கடி உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார்.

ஆண் ஆசிரியர்களுக்கு அவர் தூர நின்று வாயால் சொன்னார். எங்கள் ஐந்து பெண்களுக்கு மட்டும் முதுகுக்குப் பின்னால் வந்து, எங்கள் கைகளைச் சுற்றிப் பிடித்து மட்டையைச் சுழற்றினார். அவருடைய மூச்சு கழுத்தில் பட்டது. முதல் இரண்டு நாளும் வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்தேன். அந்த மணம் போகவில்லை.

மூன்றாம் நாள் அவர் என்னிடம் வந்தபோது விலகி நின்றேன்.

“சேர், அவங்களுக்கு வாயால சொன்ன மாதிரி எங்களுக்கும் சொல்லுங்க. தொட வேணாம்.”

“கையப் பிடிச்சுக் காட்டாட்டிப் பொம்பிளையளுக்கு விளங்காது, டீச்சர்.”

“விளங்காட்டிக் கேக்கிறம். அங்க நிண்டு சொல்லுங்க.”

மற்ற நான்கு பேரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் முகம் கறுத்தது. பிறகு பத்தடி தள்ளி நின்று சொல்லத் தொடங்கினார். மட்டையை உள்ளங்கையில் அல்ல, விரல்களில் பிடிக்க வேண்டும். கதவைத் தட்டும் விரல் மொளிகள் இரண்டு கையிலும் ஒரே வரிசையில் வர வேண்டும். பந்தில் படும்போது மேலே பிடித்த கையின் உள்ளங்கை வானத்தையும் கீழே பிடித்த கையின் உள்ளங்கை நிலத்தையும் பார்க்க வேண்டும்.

கால் மணி நேரத்தில் ஐந்து பேரும் பந்தை அடித்தோம். அவ்வளவு தெளிவாக எவரும் எனக்கு எதையும் கற்பித்ததில்லை. வாயால் இப்படிச் சொல்லத் தெரிந்தவர்தான் அந்த இரண்டு நாளும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார் என்று நினைத்தால், இன்றும் எழுந்து போய்க் கையைக் கழுவுகிறேன்.