மெத்தைக்காரரின் சாய்வு சைக்கிள்

தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். சோபாவோ பஸ் சீட்டோ, அவர் கைபட்டுவிட்டால் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க மனம் வராது. ஊரையே சுகமாக உட்கார வைத்த அந்த மனிதருக்குத் தம் இடுப்பு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. கனமான சோபா ஒன்றைத் தனியாகத் தூக்கப் போய் முதுகெலும்புச் சவ்வு விலகிவிட்டது.

அவருக்கு வேலை, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பஸ் டெப்போவில். கிழிந்த சீட்டுகளைத் தைக்க வேண்டும். சைக்கிளில் குனிந்து உட்கார முடியவில்லை. பஸ்ஸில் போனாலோ ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. டெப்போ சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், எத்தனை நாள் பொறுப்பார்?

"அண்ணே, மாசக் கடைசிக்குள்ள வந்துடுங்க. அப்புறம் என் கையில இல்ல," என்று போனில் சொல்லிவிட்டார்.

"சாய்ஞ்சு உட்கார்ந்தா ஒண்ணும் பண்ணாது" என்று டாக்டர் சொன்னது மெத்தைக்காரர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சாய்ந்தபடியே சைக்கிள் ஓட்டினால் என்ன? கடவுள்தான் அந்த யோசனையைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டு, வெல்டிங் பட்டறை வைத்திருந்த மச்சினனிடம் போனார்.

"என்ன மச்சான், படுத்துக்கிட்டே வேலைக்குப் போறீங்களா? ஒரு போர்வையும் மாட்டித் தரவா?"

"கிண்டலை அப்புறம் பண்ணு மாப்ளே. முதல்ல குழாயை வெட்டு."

பழைய சைக்கிள் இரண்டை வெட்டி ஒன்றாக ஒட்டினார்கள். காலை நீட்டி மிதிக்க வேண்டுமே, அதனால் பெடல் முன் சக்கரத்தையும் தாண்டிப் போய்விட்டது. ஒரு செயின் எட்டாமல் இன்னும் இரண்டைச் சேர்த்துக் கோத்தார்கள். பின் சக்கரத்தில் மோட்டார், சீட்டுக்கு அடியில் பேட்டரி. சீட்டை மட்டும் அவர் மச்சினனைத் தொடவே விடவில்லை. முதல் தரமான ஸ்பாஞ்சை அடுக்கடுக்காக வைத்துத் தாமே தைத்தார்.

மனைவி அழுத்திப் பார்த்தாள். கை உள்ளே போயிற்று. "கட்டின நாள்லேருந்து எனக்கு இப்படி ஒண்ணு தைச்சுத் தந்ததில்லையே!"

சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். சமதரையில் மோட்டார் இழுக்க, வண்டி அன்னம் மாதிரி போயிற்று. மனைவியும் மச்சினனும் பின்னாலேயே ஓடினார்கள். பாலத்து ஏற்றம் வந்ததும் மோட்டார் முனகியது. மிதித்து உதவலாம் என்று பெடலை அழுத்தினார். பெடல் நகரவில்லை, அவர்தான் ஸ்பாஞ்சுக்குள் பின்வாங்கினார். இன்னும் அழுத்தினார், இன்னும் புதைந்தார். கடைசியில் கால் பெடலுக்கே எட்டவில்லை. பின்னால் நழுவிய வண்டியை மச்சினன் தாங்கிப் பிடித்தான்.

"மோட்டார் பத்தல மச்சான்."

"மோட்டாருக்கு என்னடா குறைச்சல்?" என்றாள் அவர் மனைவி, மூச்சு வாங்கியபடி. "இவர் மிதிக்கிறதையெல்லாம் மெத்தை முழுங்குது. அதைப் பிரிச்சு எடுங்க!"

அவருக்குச் சுருக்கென்றது. "மெத்தைக்காரன் வண்டியில மெத்தை இல்லேன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசிட்டுப் போகட்டும். நாளைக்கு வேலைக்குப் போகலேன்னா என்ன பண்ணுவீங்க? நாளையோட மாசம் முடியுது!"

அவர் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து, தாம் போட்ட தையலைத் தாமே பிரித்தார். பிள்ளைக்கு மொட்டை அடிப்பது போல இருந்தது, மனசு கேட்கவில்லை. சோபாவுக்கு அடியில் இழுத்துக் கட்டுகிற அகலப் பட்டையை எடுத்து, சீட்டுக் குழாயில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார். விரலால் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. முதுகு சாய்வதற்குச் சரிவாக இருந்தது, ஆனால் ஒரு இம்மிகூட உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை பாலத்து ஏற்றத்தில் அவர் மிதித்த மிதியெல்லாம் நேராகச் செயினுக்குப் போயிற்று. மோட்டாரும் தன் பங்குக்கு இழுத்தது. உச்சியைத் தொட்டதும், "அப்பனே, காப்பாத்திட்டே!" என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் போன லாரிக்காரன், தன்னைத்தான் சொல்கிறார் என்று கையை ஆட்டிவிட்டுப் போனான்.

டெப்போவில் சூப்பர்வைசர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஏறி உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"என்னண்ணே, நீங்க தைச்ச சீட்டா இது? கல்லு மாதிரி இருக்கு!"

"இது எனக்கு மட்டும்தான் தம்பி. பஸ்ஸுக்கு ஸ்பாஞ்ச் வச்சுத்தான் தருவேன், பயப்படாதீங்க."

சூப்பர்வைசர் சிரித்தபடியே, மூலையில் மலையாகக் குவிந்து கிடந்த கிழிந்த சீட்டுகளைக் காட்டினார். மெத்தைக்காரர் ஊசியைக் கோத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். தமக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.