பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

கல்லூரிப் பாட்டு வீடியோவுக்காக உப்பளம் பழைய துறைமுகத்தில் நின்றிருந்தோம். பாட்டு ஒலித்தால்தான் நடிப்பவன் வாயசைக்க முடியும். எங்கள் டேப் ரெக்கார்டரோ பழுதாகிவிட்டது. அங்கே நின்ற ஆட்டோக்காரர், "கேசட்ட நம்ம வண்டியில போடுங்க தம்பி" என்றார். மாலைவரை ஆட்டோவில் பாட்டு ஓடியது. நடுவில் கேமரா பக்கம் நின்று போன் பேசினார். பாட்டுச் சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் எடிட்டிங். கேமராவில் பதிந்த சத்தத்தை நீக்கிவிட்டு, ஸ்டுடியோ பாட்டைச் சேர்க்க வேண்டும். நீக்குமுன் ஹெட்போனில் கேட்டேன். பாட்டுக்கு அடியில் அவர் குரல்: "பசங்க பாட்டு முடியட்டும், வந்துட்றேன். நான் வர்றதுக்குள்ள அப்பாவ எடுத்துடாதீங்க."

அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை.

சத்தத்தை நீக்கினேன். கல்லூரியில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.