ஆரணி மைதானத்தில் கேட்ட தாம்பாளச் சத்தம்

கால்பந்து ஆட்டத்தின் லைவ் லிங்க் வரும் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தியும் வந்தது. "தரணேந்திரன் அண்ணன் தவறிட்டாரு. காலைல கடை திறக்கும்போது நெஞ்சு வலி." அதற்கு மேலே, போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கோல் வீடியோ. யாரோ ஒருவர் செய்தியைப் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? அந்தக் குழுவை ஆரம்பித்தவனே நான்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் பாத்திரக் கடை வைத்திருந்தார், வீடு வேங்கிக்காலில். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார், தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். வாழ்நாளில் பந்தை உதைத்தவர் அல்லர். ஆனால் எங்கள் ஊர் அணி வெளியூரில் ஆடும்போதெல்லாம் வேன் பிடித்து, இருபது பேரைத் திரட்டிக்கொண்டு போவார். கையில் கடையில் விலைபோகாத, ஒடுங்கிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று இருக்கும். ஆட்டம் முடியும்வரை அதைக் கரண்டியால் தட்டுவார்.

நான் முதன்முதலில் அந்த வேனில் ஏறியது ஆரணிக்குப் போக. இறங்கியதும் நாங்கள் கொடியைப் பிரித்தோம். அவரோ நேராக ஆரணிக்காரர்கள் கூட்டத்துக்குள் போய் நின்றார்.

"மொதல்ல தண்ணி குடுங்கபா. அப்புறமா திட்டிக்கலாம்."

குடத்தோடு வந்தவர், இவர் துணியை எடுப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏங்க, வெஷமா கலந்துட்டோம்?"

"உங்க மேல சந்தேகம் இல்லபா. அதுல பூச்சி கீச்சி இருந்தா பாவம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் ஆட்டம் முடியும்வரை அவர்களையே வாரு வாரென்று வாரினார். எந்த ஊருக்குப் போனாலும் இதேதான்.

ஒரு பௌர்ணமியன்று அடி அண்ணாமலைப் பக்கம் ஆட்டத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டோம். அன்றைக்குக் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பது உள்ளூர்க்காரர்களான எங்களில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை, வெட்கக்கேடு! கொடியோடு நடந்தே போனோம். தாம்பாளத்தைக் கண்ட ஒரு அம்மா அவரிடம் விபூதிக்குக் கை நீட்டினார். "இது கோல் அடிச்சா தட்டுறதும்மா" என்றார் அண்ணன், மிகுந்த மரியாதையோடு.

பிறகு நான் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி லைவ் போட ஆரம்பித்தேன். ஆட்டத்துக்கு ஒருமுறைகூட வரமுடியாத எங்கள் கோல்கீப்பரின் அம்மா, மகன் ஆடுவதை முதன்முதலாக வீட்டிலிருந்து பார்த்து அழுதார். "நல்ல காரியம் பண்ண" என்று அண்ணனே என் முதுகில் தட்டினார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வேனில் ஆள் கம்மியானது. வெளியூர்க்காரர்களே லைவ் போடத் தொடங்கியதும் நானும் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். வேன் நின்றது. அவர் பஸ்ஸில் போனார்.

"வெயில்ல எதுக்குண்ணா அலையுறீங்க? வீட்லயே பாக்கலாம்ல?"

"நீ வூட்ல கத்துனா நம்ம கோல்கீப்பருக்குக் கேக்குமா?"

பேச்சை மாற்றினேன்.

போன ஞாயிறு மறுபடி ஆரணியில் ஆட்டம். கட்டிலில் சாய்ந்தபடி செல்போனில் பார்த்தேன். திரையின் மூலையில் அண்ணன், தாம்பாளச் சத்தம். அவரைச் சுற்றி நாலைந்து பேர் எங்கள் அணியின் பெயரைச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. அப்பாடா, நம்ம ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று மனம் லேசானது. "நம்ம ஆளுங்க செம!" என்று எழுதிவிட்டு, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஆரணியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். எல்லாம் முடிந்து அண்ணனின் கடை வாசலில் நின்றபோது, அவர்களுடைய கேப்டனிடம் சொன்னேன்: "போன வாரம் எங்க பசங்க நாலஞ்சு பேரு அண்ணன் கூட வந்தாங்களே, அவங்களத்தான் இங்க காணோம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க பசங்களா? ஒருத்தரும் வரலையே. அண்ணன் ஒத்த ஆளா தட்டினு இருந்தாரு. மனசு கேக்கல. எங்க பசங்கதான் நாலு பேரு போயி, அவரு பக்கத்துல நின்னு உங்க டீமுக்குக் கத்துனாங்க."

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதுகூட நாலு தடவை எழுந்து நடந்துவிட்டேன்.

அன்று கடை வாசலில் வெயில் கொளுத்தியது. கேப்டன் மெதுவாகக் கேட்டார்: "தண்ணி குடுங்கபா."

கடைக்குள் அண்ணனுடைய தண்ணீர்ப் பானை இருந்தது. வாயில் கட்டிய வெள்ளைத் துணியும் அப்படியே இருந்தது. சொம்பில் மொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அப்புறம் திட்டுவார்கள், திட்டித்தான் ஆகவேண்டும் என்று வெறும் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். ஒருவரும் திட்டவில்லை.

அண்ணா, தாம்பாளத்தை உங்கள் மகள் என்னிடம் கொடுத்திருக்கிறார். வரும் ஞாயிறு போளூரில் ஆட்டம். வேன் கிளம்பும் நேரத்தைக் குழுவில் போட்டுவிட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள்; இதுவரை ஒருவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. யாரும் வராவிட்டால் பஸ்ஸில் போவேன். இறங்கியதும் முதலில் தண்ணீர் கேட்பேன். நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள், அண்ணா.